கந்தளாயில் தடைப்பட்ட காசிப் பயணம்

காசிக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. காலையில் கோணேசருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, இரண்டு மணிக்கு வான் வண்டியில் ஏறினோம். இரவு விமானம். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எப்படியும் ஆறு மணித்தியாலம் வேண்டும்.

கந்தளாய் தாண்டியதும் ரப்பர் கருகிய மணம். திறந்து பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்து நார்நாராகத் தொங்குகிறது. "அக்கா, பயப்படாதேங்கோ, சாமான் வாங்கிக்கொண்டு ஓடியாறன்" என்று சாரதித் தம்பி வந்த மோட்டார்சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்விட்டான். அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). பயணப் பதற்றத்தில் மத்தியானம் ஒன்றும் சாப்பிடவுமில்லை. வெயிலில் தலை சுற்றத் தொடங்கியது. புட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கை நடுங்கிப் பாதி மடியில் கொட்டுண்டது. வயதானவர்களை ஏற்றிக்கொண்டு தூரம் போகிற வண்டியை முதல்நாளே பார்த்து வைக்கவேண்டாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெல்ட் பூட்டிப் புறப்பட ஐந்து மணி தாண்டிவிட்டது. ஹபரணைக் காட்டுவழியில் இருட்டியது. யானை றோட்டுக்கு வரும் இடம், வானை வேகமாக ஓட்டவும் முடியாது. அம்மா வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விமான நிலையத்தில் கவுண்டர் மூடப்போகிற நேரம். சக்கர நாற்காலி வரும்வரை நிற்க அம்மா சம்மதிக்கவில்லை. எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துபோனார்.