அப்பீல் போகமாட்டேன்னு கையெழுத்து போட்ட பிறகு அப்பீல் போனோம்

நியூஜெர்சில எங்க பெரியப்பா பையன் ஃபெடரல் வயர் ஃப்ராட் (ஃபோன், இன்டர்நெட் வழியா பண்ற மோசடி) கேஸ்ல ப்ளீ அக்ரிமெண்ட் (அரசு தரப்போட ஒப்பந்தம்) போட்டு குத்தத்தை ஒத்துக்கிட்டாரு. தண்டனை வந்தப்புறம் அப்பீல் போக முடியுமான்னு ஓடுனதுல நானும் கூட இருந்தேன். நான் வக்கீல் இல்ல, பார்த்ததைத்தான் சொல்றேன்.

அந்த அக்ரிமெண்ட் இங்க அரசு வக்கீல் ஆபீஸ்லேருந்து லெட்டர் மாதிரிதான் வருது. எல்லாரும் முதல் பக்கத்துல அதிகபட்சம் 20 வருஷம்னு பார்த்துட்டு பதறிடறாங்க, ஆனா சரக்கு கடைசில இருக்கற ஷெட்யூல் ஏ-லதான். நஷ்டம் 2,50,000 டாலருக்கு மேல, குத்தத்தை ஒத்துக்கிட்டதுக்கு 3 பாயிண்ட் கழிச்சா ஃபெடரல் தண்டனை அட்டவணைல லெவல் 16, அந்த லெவலோட ரேஞ்சுக்குள்ளயோ அதுக்குக் கீழயோ தண்டனை வந்தா அப்பீல் பண்ணமாட்டேன்னு இருந்துச்சு. பழைய கேஸ் இல்லாதவங்களுக்கு அது 21லேருந்து 27 மாசம். ஜட்ஜ் கொடுத்தது 24. கதவு அங்கயே சாத்தியாச்சு.

அப்பீல் நோட்டீஸ் போட 14 நாள்தான் டைம். எங்க வக்கீல், வேவர்ல (அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கற பகுதி) கையெழுத்து போட்டாச்சே, நான் ஃபைல் பண்ணமாட்டேன்னுட்டாரு. தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி பாராலீகலா (வக்கீலுக்கு உதவியாளர்) இருக்கா, அவதான் 2019ல சுப்ரீம் கோர்ட் சொன்ன கார்ஸா தீர்ப்பைக் காட்டினா, வேவர் இருந்தாலும் கட்சிக்காரர் ஃபைல் பண்ணுன்னு சொன்னா வக்கீல் பண்ணித்தான் ஆகணும்னு. அண்ணன் ஈமெயில்ல ஒரே வரியா எழுதினாரு, மறுபேச்சில்லாம ஃபைல் ஆச்சு. வாயால சொல்லிட்டு விட்டுடாதீங்க, எழுத்துல இருக்கணும்.

அப்புறம் அரசு தரப்பு ஃபிலடெல்ஃபியால இருக்கற தேர்ட் சர்க்யூட் அப்பீல் கோர்ட்ல, வேவரை அமல்படுத்துங்க, தீர்ப்பை அப்படியே உறுதி பண்ணுங்கன்னு மோஷன் (மனு) போட்டாங்க. கோர்ட் பார்க்கறது மூணுதான்: நாங்க கேக்கற விஷயம் வேவருக்குள்ள வருதா, தெரிஞ்சு விருப்பப்பட்டு கொடுத்தாரா, அமல்படுத்தினா பெரிய அநியாயம் ஆகுமா.

ரெண்டாவதுல எங்களை அடிச்சது ப்ளீ ஹியரிங் டிரான்ஸ்க்ரிப்ட், அதாவது குத்தத்தை ஒத்துக்கிட்ட அன்னிக்கு கோர்ட்ல பேசினதோட எழுத்துப் பதிவு. எவ்வளவு படிச்சிருக்கீங்க, இன்னிக்கு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா, யாராவது மிரட்டினாங்களா, அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கறது புரியுதான்னு ஜட்ஜ் வரிசையா கேட்டிருக்காரு, இதுல கடைசி ரெண்டும் ரூல் 11 (ஃபெடரல் கிரிமினல் கோர்ட் விதி) படி பார்த்தே ஆகணும். ஒவ்வொண்ணுக்கும் கீழ பதில் அச்சுல நிக்குது, அப்பீல் கேள்விக்கு யெஸ் யுவர் ஆனர்னு. வக்கீல் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்னு இப்ப சொல்லி என்ன பிரயோஜனம், சத்தியம் பண்ணி சொன்ன பதில் அது!

திருப்பிக் கொடுத்த பணத்தை நஷ்டத்துல கழிக்கலைங்கறதுதான் எங்க வாதம். ஆனா அந்தத் தொகையே ஒத்துக்கிட்டதுதானே, அதனால மூணாவதும் நிக்கல, கணக்குல தப்புன்னு சொன்னா மட்டும் அநியாயம்னு எடுத்துக்கமாட்டாங்க. மோஷன் அவங்க பக்கம் போச்சு.

மிச்சம் இருக்கறது 2255 மோஷன் (தண்டனையை ரத்து பண்ணவோ திருத்தவோ தண்டனை கொடுத்த கோர்ட்லயே போடற மனு), தீர்ப்பு இறுதியானதுலேருந்து ஒரு வருஷம் டைம். வக்கீல் சரியா ஆலோசனை சொல்லலைன்னு அதுல கேக்கலாம். அந்த உரிமையையும் ப்ளீ அக்ரிமெண்ட்ல எழுதி வாங்காதீங்கன்னு 2014லயே நீதித்துறை அமைச்சகம் அரசு வக்கீல்களுக்கு சொல்லியிருக்கு. அண்ணனுக்கு கிரீன் கார்டு, நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டின ஃப்ராட்னா டிபோர்ட் ஆகற வகை, அதை வக்கீல் முன்னாடியே சொல்லியிருக்கணும்னு 2010 படில்லா தீர்ப்பு இருக்கு. ஆனா நாடு கடத்தலாம்னு ஜட்ஜும் அன்னிக்கு சொன்னது அதே டிரான்ஸ்க்ரிப்ட்ல இருக்கு, அதை எப்படித் தாண்டறதுன்னு புது வக்கீல் பார்த்துட்டு இருக்காரு. பழைய வக்கீல்கிட்ட முழு ஃபைலும் கேட்டிருக்கோம், இன்னும் வரல.