வலி குறைந்தாலும் கழுத்தை விட்டுவிட முடியாது

மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) முற்றியவர்களிடம் கழுத்து ஆபரேஷன் பேச்சை எடுத்ததும், "இப்போ வலி பரவாயில்லையே டாக்டர், எதுக்கு?" என்பார்கள். வலி இங்கே நம்பத் தகுந்த அளவுகோல் இல்லை. தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கும்போதும் கழுத்து பெரிதாக வலிக்காமல் இருக்கலாம்.

கோளாறு பெரும்பாலும் மண்டைக்குக் கீழே முதல் இரண்டு எலும்புகளில். இரண்டாவது எலும்பின் முளையை முதல் எலும்பின் வளையத்துக்குள் பிடித்து வைத்திருப்பது ஒரு குறுக்குத் தசைநார். வீங்கிய மூட்டுச் சவ்வு அதை அரித்துவிட்டால், குனியும்போது முதல் எலும்பு முன்னால் நழுவும். தலை நேராக இருக்கும் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம். பக்கவாட்டில், குனிந்து ஒன்று, அண்ணாந்து ஒன்று வேண்டும். நோயாளி தானாகக் குனியட்டும். தலையைப் பிடித்து யாரும் அழுத்தக் கூடாது.

முளைக்கு முன்னால் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் நழுவல் என்று அர்த்தம். ஆனால் அதைவிட நாங்கள் பார்ப்பது முளைக்குப் பின்னால் தண்டுவடத்துக்கு மிஞ்சும் இடத்தை. அது 14 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் எம்ஆர்ஐ எடுத்து, ஆபரேஷனைப் பற்றிப் பேசியாக வேண்டும். பலர் ஏமாறுவது வேறிடத்தில். மண்டை கீழே இறங்கி முளை மேலே ஏற ஆரம்பித்தால் முன் இடைவெளி சுருங்கிவிடும். ரிப்போர்ட் தேறியதுபோல் இருக்கும், நிலைமை மோசமாகியிருக்கும்.

கோணிப்போன விரல்களில் நரம்புப் பலவீனத்தைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதனால் மாற்றத்தைக் கேட்கிறோம்: போன மாதம் போட்ட பொத்தானை இப்போது போட முடிகிறதா? நடையில் தள்ளாட்டம் உண்டா? குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிறதா? சிறுநீர் அடக்க முடிகிறதா? நடக்க முடிகிறபோதே ஆபரேஷன் செய்தவர்கள் தேறுகிற அளவுக்கு, படுக்கையில் விழுந்தபின் செய்தவர்கள் தேறுவதில்லை. காலம் தாழ்த்தாதீர்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இழப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைத்தால் தலையைத் திருப்பும் அளவில் ஏறத்தாழ பாதி போய்விடும். மண்டையோடு சேர்த்து இணைத்தால் தலையாட்டுவதும் பெருமளவு குறையும். கொஞ்சம் குனிந்த கோணத்தில் பூட்டிவிட்டால் விழுங்கவே திணறும். எலும்பு மெலிந்திருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி ஏறுமாறாக ஓடுகிறதா என்று சிடி பார்க்காமல் ஸ்க்ரூ போடக் கூடாது.

முடக்குவாத மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட்டை ஆபரேஷனுக்காகப் பொதுவாக நிறுத்துவதில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் பயாலஜிக் ஊசியென்றால் அடுத்த ஊசி விழ வேண்டிய நாளை ஒட்டி ஆபரேஷன் தேதி குறித்து, புண் ஆறியபின் தொடர்வார்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

முடிவெடுக்கும்வரை சலூனில் கழுத்தைச் சொடக்கெடுக்க விடக் கூடாது. சுளுக்கு எடுப்பவரிடமும் போக வேண்டாம். கழுத்துப் பட்டை (காலர்), கார் குலுங்கும்போது நினைவூட்டலாக உதவும், நழுவலை நிறுத்தாது. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் போனாலும் இந்த எக்ஸ்ரேயை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள். தலையை அண்ணாத்தாமல் மூச்சுக்குக் குழாய் போட அவருக்கு வேறு ஏற்பாடு தேவைப்படும்.