அரைக்கால் கப் மாவு

நான்கு பேருக்கான செய்முறையை இரண்டு பேருக்குக் குறைக்கச் சொன்னபோது, முக்கால் கப் மாவில் பாதி எவ்வளவு என்று நெடுநேரம் யோசித்த என் மகள், கால் கப்பையும் அரைக்கால் கப்பையும் சேர்த்து அளந்துவிட்டு, எட்டில் மூன்று என்று தானே சொன்னாள். பாடநூலில் பலமுறை நழுவிய பின்னம், மாவு படிந்த விரல்களில் பிடிபட்டது.

தண்ணீரில் வேகும் காய் ஏன் வறுத்ததைப்போலச் சிவப்பதில்லை என்ற அவளது கேள்விக்கு, கடல்மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடுகிறது, பொன்னிறத்துக்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும் என்று விளக்கினேன். மலை உச்சியில் நீர் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால் பேச்சு புவியியலுக்கும் தாவியது.

மொழிப்பாடமாகச் செய்முறையை எழுதச் சொன்னேன். அழகாகவே எழுதியிருந்தாள், அடுப்பைப் பற்றவைக்கும் வரி மட்டும் அதில் இல்லை.