லாயத்துக்கு மரச்சீவல்: கையைக் கடிக்காத இயந்திரம் தேடிய அனுபவம்

குதிரை வளர்ப்பவர்களுக்குத் தீவனத்துக்கு அடுத்தபடியாகப் பணத்தை விழுங்குவது தரையில் விரிக்கும் மரச்சீவல்தான். கிராஞ்சிப் பக்கத்தில் நான் பராமரிப்பு வேலை பார்க்கும் லாயம் சிறியது. ஆனாலும் தினமும் காலையில் கொட்டடி கொட்டடியாக நனைந்த சீவலை வாரி எடுத்துவிட்டுப் புதியதைப் பரப்பியாக வேண்டும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் குளம்பின் அடியில் அழுகல் தொடங்கிவிடும். மூத்திர நெடியில் மூச்சும் கெடும். நாங்கள் வாங்கும் சீவல் மூட்டைகளோ கப்பலில் வருபவை. கப்பல் கட்டணம் ஏறினால் மூட்டை விலை ஏறும். கட்டணம் இறங்கினால் விலை இறங்கியதை நான் பார்த்ததில்லை.

லாரியில் ஏறினால் சிறிது நேரத்தில் சுங்கை காடுட் தொழிற்பேட்டை வந்துவிடும். அங்கே மரப்பட்டறைகளின் வாசலில் பலகைத் துண்டுகளும் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளான பாலெட்கள் உடைந்தவையும் இரும்புத் தொட்டிகளில் வழிந்து கிடக்கின்றன. அவற்றை அள்ளிச் செல்வதற்குப் பட்டறைக்காரர்கள் காசு கொடுக்கிறார்கள். நாங்களோ மரத்துக்குக் காசு கொடுக்கிறோம். நடுவில் ஓர் இயந்திரம் இருந்தால் போதுமே என்று முதலாளியம்மா ஒருநாள் சொன்னார்; தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூவாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கிடையாது என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

எங்கள் தலைமைக் குதிரைக்காரரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். 1843இல் தொடங்கிய சிங்கப்பூர் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு முடிந்தது. அதுவரை கிராஞ்சிப் பந்தயத் திடலில் வேலை பார்த்தவர் அவர். நான் இயந்திரப் படங்களைக் காட்டியபோது அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இயந்திரம் கிடக்கட்டும் தம்பி. என் குதிரை எந்த மரத்தின் மேல் படுக்கப் போகிறது? அதை முதலில் சொல்" என்றார்.

அவர் கேட்டது நியாயம். மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளில் கருப்பு வால்நட் மரமும் புழங்குகிறது. அதன் சீவல் கலந்த படுக்கையில் நின்றாலே குதிரையின் கால் ஒரே நாளில் வீங்கும். குளம்புக்குள் அழற்சி பிடித்து நடக்க முடியாமல் போகும். ஒட்டுப்பலகை, எம்டிஎஃப், சிப்போர்டு எல்லாம் பசையால் ஆனவை, தொடவே கூடாது. வெளிப்புறத் தளத்துக்குப் போடும் பச்சை கலந்த பலகையில் செம்பு மருந்து ஏறியிருக்கலாம், பழைய சரக்காக இருந்தால் ஆர்சனிக்கும் இருக்கலாம். ரப்பர் மரம் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் வண்டு துளைக்காமலிருக்கப் போரான் கரைசலில் ஊறியே வருகிறது. பெயிண்ட், வார்னிஷ் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தபோது, மலைபோலத் தெரிந்த மரக்கழிவில் எங்களுக்கு ஆகக்கூடியது ஒன்றே ஒன்று: பைன் மரப் பாலெட்.

பாலெட்டிலும் முத்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எல்லை தாண்டும் மரப்பெட்டி, பாலெட் எல்லாவற்றிலும் கோதுமைக் கதிர் படமும் அதன் பக்கத்தில் இரண்டு எழுத்து நாட்டுக் குறியும் சுட்டிருக்கும். கூடவே 'எச்டி' (HT) என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி 30 நிமிடம் நின்றிருக்கிறது என்று பொருள். 'எம்பி' (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு வாயு பாய்ச்சியது. அதை அங்கேயே விட்டுவிடுவேன். முத்திரையே இல்லாதது, எண்ணெய்க் கறை படிந்தது, வாடை வீசுவது எதுவும் வேண்டாம். நீல வண்ணம் பூசியவை பெரும்பாலும் வாடகை நிறுவனங்களின் சொத்து. சும்மா கிடக்கிறதே என்று ஏற்றிக்கொண்டு வந்தால் திருட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

மரம் இன்னது என்று முடிவானதும் இயந்திரத் தேடல் பாதியாகச் சுருங்கியது. சீவலுக்கென்றே செய்யப்படும் இயந்திரம் உண்டு. மேலே கட்டைகளைப் போடும் பெட்டி, கீழே கத்தி பதித்த உருளை. கட்டை அதன் மேல் உராய்ந்து உராய்ந்து தேங்காய்த் துருவல் மாதிரி கொட்டும். உருண்டைக் கட்டை கிடைப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. சீனாவிலிருந்து வரவழைக்கும் சிறிய ரகத்தின் விலைகூட எங்கள் கைக்கு எட்டும் போலத்தான் தெரிந்தது. ஆனால் விலைச்சீட்டின் அடியில் இருப்பதையும் படிக்க வேண்டுமே. சரக்கின் விலையும் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீதப் பொருள் சேவை வரி, துறைமுகக் கட்டணம், முகவர் கூலி, இறக்குவதற்குப் பாரந்தூக்கி என்று ஒவ்வொன்றாக ஏறும். அதையும் சமாளிக்கலாம் என்றால் மோட்டார் ஏழரை கிலோவாட், மும்முனை மின்சாரம் கேட்கிறது. லாயத்தில் இருப்பதோ 230 வோல்ட் ஒருமுனை இணைப்பு. 13 ஆம்ப் பிளக்கில் 3 கிலோவாட் வரைதான் இழுக்க முடியும். மும்முனை இணைப்புக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் கொடுத்த மதிப்பீடு இயந்திரத்தின் விலையையே தாண்டிவிட்டது. இயந்திரம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்கள் மின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

தோட்டக் கிளைகளை நறுக்கும் சிப்பர் மலிவு, ஒருமுனையிலும் ஓடும். ஆனால் அது தருவது சில்லு. சில்லு ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது, படுக்கும் குதிரைக்கு உறுத்தும். சுத்தியல் ஆலையோ எல்லாவற்றையும் தூளாக்கிவிடும். தூள் படுக்கை குதிரையின் நுரையீரலுக்கு எதிரி. எங்களுக்கு வேண்டியது மெல்லிய, நீண்ட, சுருண்ட சீவல். அதை நாள் முழுக்கத் துப்பிக்கொண்டிருக்கும் இயந்திரம் ஒவ்வொரு தச்சுப் பட்டறையிலும் இருக்கிறது. பலகையின் கனத்தைக் குறைக்கும் இழைப்பு இயந்திரத்தைத்தான் சொல்கிறேன். தச்சருக்குப் பலகை முக்கியம், சீவல் குப்பை. எங்களுக்கு அதுவே தலைகீழ்.

சுங்கை காடுட் வட்டாரம் மறுசீரமைக்கப்படுவதால் பழைய பட்டறைகள் இடம் மாறுகின்றன, சில மூடுகின்றன. அங்கே வாய்மொழியாகவே இயந்திரங்கள் கைமாறும். பழைய பொருள் விற்கும் கேரசல் செயலியிலும் வருகின்றன, ஆனால் ஓட்டிக் காட்ட மாட்டேன், முன்பணம் மட்டும் அனுப்பு என்று சொன்ன ஒரு விற்பனையாளரிடம் அப்போதே பேச்சை முடித்துக்கொண்டேன். கடைசியில், ஓய்வுபெறப் போகும் ஒரு தவுக்கேயின் (முதலாளியின்) பட்டறையில் 13 அங்குல அகல இயந்திரம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஒருமுனை மின்சாரம், 2 கிலோவாட்டுக்கும் குறைவு, இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

பழைய இயந்திரம் பார்க்கப் போகும்போது சொந்தப் பலகையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நான் ஒரு பாலெட் பலகையை அதில் விட்டு, வெளியே வந்ததும் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தேன். நீளவாக்கில் மெல்லிய இரண்டு மேடுகள் ஓடின. கத்தியில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம், விலையைக் குறைக்கவும் உதவும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையுறையோடு கத்தி உருளையை மேலும் கீழும் அசைத்தேன். ஆட்டம் இல்லை. ஆடியிருந்தால் தாங்கிகள் தேய்ந்துவிட்டன என்று விட்டுவிட்டு வந்திருப்பேன். பலகையை இழுக்கும் ரப்பர் உருளைகள் வழவழப்பேறி இருந்தன. பிசினைத் துடைத்தால் பிடிப்பு வந்துவிடும் என்று அவரே சொல்லித் தந்தார். மலாயில் நீண்ட பேரம். ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது, உபரிக் கத்திகளையும் சேர்த்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். குதிரைக்குப் படுக்கை என்றதும், தூள் உறிஞ்சும் பழைய மோட்டார்ப் பை ஒன்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.

இனி ஆணி. பாலெட் ஆணி முறுக்கு ஆணி, பிடுங்க வராது. ஆணியை அறுத்தால் பாதி மரத்துக்குள்ளேயே நிற்கும். அதனால் நாங்கள் பிடுங்குவதே இல்லை. அடிச்சட்டத்துக்கு இருபுறமும் வட்ட ரம்பத்தால் அறுத்து, ஆணியில்லாத நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறோம். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளத்தில் துண்டுகள் கிடைக்கும். 35 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை இயந்திரத்தில் விடவே மாட்டோம். முன்னும் பின்னும் இருக்கும் உருளைகள் இரண்டும் பிடிக்காத துண்டு கத்தியில் தட்டித் திரும்பிப் பறக்கும். ஒவ்வொரு துண்டின் மேலும் உலோகம் கண்டறியும் கைக்கருவியை ஓட்டிய பிறகே உள்ளே போகும். கத்தி உடைவது இருக்கட்டும், ஆணித் துணுக்கு சீவலோடு கொட்டடிக்குப் போனால் என்ன ஆகும் என்று அண்ணன் விளக்கவே தேவையில்லை.

பலகையின் அகலம் 10 சென்டிமீட்டர்தான் என்பதால் ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வரை இந்தச் சின்ன மோட்டாரே சீவுகிறது. அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பஞ்சுத் தூள். மெலிந்துபோன பலகையை இன்னொரு தடித்த பலகையின் மேல் வைத்து அனுப்பினால் இன்னும் சில தடவை சீவலாம். மிஞ்சும் பட்டையும் ஆணித் தலைகளும் மீண்டும் பட்டறைத் தொட்டிக்கே போகும். அப்படித்தான் தவுக்கேக்களோடு பேச்சு. உறிஞ்சும் பையின் குழாயில் நீளச் சீவல் அடைத்துக்கொண்டே இருந்தது. குழாயைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாய்க் கூண்டுக்குள் நேரே கொட்டவிட்டோம். அந்தப் பை இப்போது சல்லடை மேசைக்குக் கீழே தூளை மட்டும் இழுக்கிறது.

தூள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. அது ஒரு பக்கம். 2021 பிப்ரவரியில் துவாஸ் தொழிற்பகுதியில் மூன்று ஊழியர்கள் உயிரிழந்த வெடிவிபத்தில் தீயைப் பரப்பியது உருளைக்கிழங்கு மாவுத் தூள். மாவுக்கு உள்ள குணம் மெல்லிய மரத்தூளுக்கும் உண்டு. எனவே வேலை கூரைக்குக் கீழே, நாலாபக்கமும் திறந்த கொட்டகையில். என்95 முகக்கவசம், காதடைப்பு இல்லாமல் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. மாலையில் பையைக் காலி செய்தாக வேண்டும். முயல் வளர்க்கும் நண்பர் ஒருவர் அரசாங்க அடுக்குமாடி (வீவக) வீட்டுப் பால்கனியில் இதை வைக்கலாமா என்று கேட்டார். இரைச்சலுக்கே போலிஸ் வந்துவிடும் என்றேன். அவருக்கு ஒரு கோணியில் நாங்களே கொடுத்து அனுப்புகிறோம். காய்ந்த பைன் முயலுக்கு ஒத்துக்கொள்ளும், வாசனைச் சீடார் ஆகாது.

மழையில் நனைந்த பாலெட்டை எடுத்தால் முள்கருவியால் ஈரம் பார்ப்பேன். இந்த ஊரில் கூரைக்குக் கீழே எவ்வளவு காய்ந்தாலும் 15, 16 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. 20க்கு மேல் காட்டினால் சீவுவதில்லை, பூஞ்சை பிடிக்கும். சீவியதை மூட்டை கட்டிச் சேமிப்பதும் இல்லை. சீவச் சீவக் கொட்டடிக்குப் போய்விடும். அதனால் டிசம்பர், ஜனவரி மழையில் கப்பல் மூட்டைகளைத்தான் பிரிக்கிறோம். மற்ற மாதங்களில் வாங்குவது பாதியாகக் குறைந்திருக்கிறது. முதலாளியம்மா கணக்கைப் பார்த்துவிட்டு இரண்டாவது இயந்திரம் ஒன்று வாங்கலாமா என்கிறார். அறுப்பதற்கு ஓர் ஆள் போடுங்கள், இயந்திரம் சும்மாதான் காத்துக்கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.