0.39955

1941 பேஸ்பால் சீசனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தது (அதாவது பந்தை அடித்துவிட்டு, ஓடிச் சேர வேண்டிய இடங்களான பேஸ்களில் முதலாவதையாவது அவுட் ஆகாமல் எட்டியது) அந்த வருஷம்தான். ஜூலை 17 அன்று கிளீவ்லேண்டில் எதிரணி வீரர் கென் கெல்ட்னர் மூன்றாம் பேஸ் ஓரமாகப் பாய்ந்து இரண்டு பந்துகளைத் தடுத்ததால்தான் அது நின்றது. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

ஆனால் என் மனசு நிற்பது டெட் வில்லியம்ஸிடம்தான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர், வயது 23. சீசனின் கடைசி நாளான செப்டம்பர் 28 காலையில் அவருடைய சராசரி 0.39955. அதாவது 448 முறை மட்டை பிடித்து 179 ஹிட். ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே, மூன்று தசம இடத்துக்கு முழுமையாக்கி, கணக்கில் 0.400 என்று எழுதிவிடுவார்கள். மேனேஜர் ஜோ க்ரோனினும் வேண்டுமானால் ஓய்வெடுத்துக்கொள் என்றார். டெட் கேட்கவில்லை. அன்றைக்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள், இரண்டிலும் இறங்கினார். எட்டு முறையில் ஆறு ஹிட்! அதில் ஒன்று மைதானத்து ஒலிபெருக்கியிலேயே போய் மோதியது. முடிவில் 0.406.

அந்த வருஷ எம்விபி விருது, அதாவது லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான விருது, டிமாஜியோவுக்குப் போனது. சரி, அவருக்கும் தகுதி உண்டு. நான் ஓட்டுப் போட்டிருந்தால் டெட்டுக்குத்தான் போட்டிருப்பேன். அவருக்கு அப்புறம் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரிய லீக்குகளிலும் ஒரு சீசன் முழுக்க ஆடி 0.400-ஐத் தொட்டவர் இன்னும் வரவில்லை.