பால்கனியில் ஒரு தூசிமானி: மூன்று மாத அனுபவம்

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுப் பால்கனியில் நவம்பர் மாதம் பொருத்திய தூசிமானி மூன்று மாதங்களாகத் தடையின்றி இயங்கி வருகிறது. தூசியை அளக்கும் பி.எம்.எஸ் 5003 சென்சார், அதன் எண்களைப் படிக்கும் சிறு கணினியான ஈ.எஸ்.பி 8266 பலகை, ஈரப்பதம் அளக்கும் பி.எம்.இ 280 ஆகிய மூன்றுமே இதன் உறுப்புகள். சென்சாருக்குள் உள்ள சிறு மின்விசிறி காற்றை உள்ளிழுக்க, அதன் குறுக்கே லேசர் ஒளி பாய்கிறது. துகள்கள் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து, 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான நுண்துகள்கள் ஒரு கன மீட்டரில் எத்தனை மைக்ரோகிராம் என்று கருவி கணிக்கிறது. அது எடை போடுவதில்லை, கணிக்கவே செய்கிறது என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கிற்று.

முதல் பிழை நிரலில் இருந்தது. சென்சார் அனுப்பும் 32 பைட் தொகுப்பில் முதல் மூன்று எண்கள் தொழிற்சாலைச் சூழலுக்கும், அடுத்த மூன்று திறந்தவெளிக்கும் உரியவை. நான் முதல் வரிசையையே படித்து வந்தேன். தூசி மிகுந்த நாள்களில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடுதலாகக் காட்டும். முதல் இரு வாரப் பதிவுகளை அதனால் அழித்துவிட்டேன்.

மூடுபனி அதைவிடப் பெரிய சோதனையாக அமைந்தது. ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. உப்பிய துகள் அதிக ஒளியைச் சிதறடிப்பதால், தூசி கூடாமலேயே எண் கூடுகிறது. அரசுக் கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பீட்டா கதிர்க் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிய பிறகு, வடிதாளில் படிந்த துகள்கள் அக்கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பவை. ஆர்.கே.புரத்திலேயே ஒரு நிலையம் இருப்பதால் தினமும் ஒப்பிட்டேன். பிற்பகல்களில் இரு கோடுகளும் ஒட்டியே சென்றன. பனி மூடிய விடியல்களில் என் கோடு மட்டும் விலகி மேலேறியது. திருத்தச் சூத்திரம் எதையும் கடன் வாங்காமல், ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டும் மணி நேரங்களை வேறு நிறத்தில் குறிப்பதே நேர்மை என்று முடிவு செய்தேன்.

அப்படிப் பிரித்த பிறகும் ஒரு நாளின் வடிவம் மாறாமல் தெரிகிறது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, வெப்பமான மேலடுக்கின் கீழ் அடைபட்டுக் கிடப்பதால் தூசி சேர்கிறது. வெயில் ஏறி அந்த மூடி கலைந்ததும் குறைகிறது. ஆகவே இங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திருக்கு விடியற்காலையில் நடந்து சென்ற அம்மா, இப்போது முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகே புறப்படுகிறார்.

"அடுப்படியிலயும் ஒரு நாள் வெச்சுப் பாரேன்" என்று கேட்டவரும் அவர்தான். மிளகாய் தாளித்த சில நிமிடங்களில் எண் 40இலிருந்து 300ஐத் தாண்டியது. ஒரு நாள் சராசரிக்கு இந்தியா வகுத்த வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. சில நிமிட உச்சத்தை நாள் சராசரியோடு நேரடியாக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அன்றே புகை வெளியேற்றும் விசிறியைப் பழுதுபார்த்தேன். இரண்டாவது சென்சாருக்குப் பணம் கட்டியாயிற்று, அது அடுப்படிக்கு.