பகடி, அங்கதம், எள்ளல்: நெட் தமிழ்த்தாளுக்கு நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யூஜிசி நெட் தேர்வின் தமிழ்த்தாளுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் பலர், "அக்கா, பகடி, அங்கதம், எள்ளல், நையாண்டி எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறதே" என்று கேட்கிறார்கள். சேலத்தில் இருந்தபடியே படித்துத் தேறியவள் நான். இந்தப் பகுதியை எப்படிப் பிடித்தேன் என்று சொல்கிறேன்.

தமிழ் வருவது இரண்டாம் தாளில்; அதில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனாலும் பொருத்துக, கூற்று-காரணம் மாதிரியான கேள்விகளில் குத்துமதிப்பாகத் தெரிந்திருந்தால் உதவாது. அகராதியைப் புரட்டினால் கேலிக்குக் கிண்டல், கிண்டலுக்குப் பரிகாசம் என்று சுற்றிக்கொண்டே இருப்போம். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டேன். யாரைக் குறிவைக்கிறது? எதையாவது பார்த்துப் போலச் செய்கிறதா? நேரடியாகச் சொல்கிறதா, மறைத்தா?

முதலில் தொல்காப்பியம். உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியலில் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளல் இரண்டு பக்கமும் பாயும். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பதும் எள்ளல்தான், பிறர் நம்மை எள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருவதும் எள்ளல்தான் என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை சொல்லும். உரையைப் படிக்காமல் நூற்பாவை மட்டும் உருப்போட்டால் இந்த நுட்பம் கையில் சிக்காது. அங்கதம் வருவது செய்யுளியலில். செம்பொருள், கரந்தது என்று அது இரண்டு வகை. வெளிப்படையாகச் சொன்னால் வசை, மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. எந்த இயலில் எது வருகிறது என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

மறைத்துச் சொல்வதற்குப் புறநானூறு 95ஐ விட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை. அரசன் தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். மேலோட்டமாகப் பார்த்தால் தொண்டைமானுக்குப் பாராட்டு. போர்க்களமே பார்க்காத ஆயுதம் என்பதுதான் உள்ளே இருக்கும் குத்தல். திணை பாடாண், துறை வாள்மங்கலம். அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி; 1965 வரை அது நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த உரிமையோ என்னவோ, இந்தப் பாட்டை நான் எங்கள் ஊர்ப் பாட்டாகவே படித்தேன். புகழ்வது போலப் பழிப்பதை இப்போது வஞ்சப்புகழ்ச்சி என்கிறோம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் தேடினால் இலேச அணியில் கிடைக்கும்.

பகடிக்கு விளக்கம் எனக்குக் கூத்தில் கிடைத்தது. ஓமலூர்ப் பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து. திரைக்குப் பின்னால் நின்று துரியோதனன் தன் பெருமையை நீட்டி முழக்கிப் பாடினான். அவன் பாடி முடித்ததும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அதே மெட்டை, அதே இழுவையை எடுத்து, ரேஷன் கடை வரிசையில் தான் நின்ற கதையைப் பாடினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வடிவம் அரசனுடையது, விஷயம் ரேஷன் கடை. இதுதான் பகடி, மூலம் தெரிந்தவருக்கே சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் கழித்து மார்பைத் தூக்கி அரசன் மாதிரியே நடந்து காட்டினான். அது போலச்செய்தல், இன்றைய பேச்சில் மிமிக்ரி. அப்புறம், "ராஜா, காவல்காரனுக்குச் சம்பளம் பாக்கி இருக்குதே, அதைப் பத்தி ஒரு பாட்டுப் பாடேன்" என்றான். அங்கே அதிகாரத்தின் மேல் அடி விழுந்தது. அது அங்கதம். மூன்றையும் ஒரே ஆள், ஒரே இரவில் செய்து காட்டிவிட்டான்.

நக்கல், ஓட்டுறது, கலாய்க்கிறது எல்லாம் பேச்சுவழக்கு. தாளுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. குழந்தைகள் முகத்தைக் கோணிச் செய்யும் 'அழகு காட்டுதல்' மட்டும் போலச்செய்தலோடு சேரும். நையாண்டி மேளம் என்று கேட்டால் அது கரகாட்டத்துக்கு வாசிக்கும் இசைக்குழு. நாட்டுப்புறவியல் பகுதியோடு சேர்த்துப் படித்துவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். தேர்வு ஜூனில் என்றால் ஒரு இரவு போய் உட்காருங்கள். கையில் சின்ன நோட்டு இருக்கட்டும். கட்டியக்காரன் வாய் திறக்கும்போதெல்லாம் அது எந்த வகை என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.